அம்மா இல்லை, அக்கா

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரோஜாப்பூ வந்து விழுந்தது. இதழில் நீர்த்துளி, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை, கீழே 'இனிய காலை வணக்கம், படித்ததில் பிடித்தது' என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே நீளமாக ஒரு கட்டுரை. அனுப்பியவன் தைப்பிங்கில் இருக்கும் என் சித்தப்பா மகன். எதையும் படித்துவிட்டு அனுப்புகிற ஆள் இல்லை அவன். நான் கோப்பியைக் கலக்கிக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் கரண்டி நின்றுவிட்டது.

அது நான் எழுதியது. என் அக்கா செத்துப்போன பிறகு அவளைப் பற்றி நான் எழுதிய கட்டுரை. ஆனால் அதில் அக்கா இல்லை. அக்கா என்று நான் எழுதிய இடமெல்லாம் 'அம்மா' என்று இருந்தது. என் பெயர் இருந்த இடத்தில், 'எழுதியவர் யாரென்று தெரியவில்லை, ஆனால் கண்கள் குளமாயின' என்று போட்டிருந்தார்கள். யாரென்று தெரியவில்லையாம்! புந்தோங்கில், அடுப்படியில், தலையைக்கூட முடியாமல் நைட்டியோடு நின்றுகொண்டிருக்கிறாள் அந்த எழுதியவள். கரண்டியைத் தொட்டிக்குள் விட்டெறிந்தேன்.

இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று என் வீட்டுக்காரரே கேட்டார். கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் அது விளங்கும்.

நான் ஈப்போவில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். பெயர் கூப்பிடுவது, அட்டை எடுப்பது, பயந்து வருகிறவர்களிடம் 'ஒண்ணும் செய்யாது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்' என்று கூசாமல் பொய் சொல்வது. மிச்ச நேரத்தில் எழுதுகிறேன். பல வருடமாக ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பக்கத்துக்குக் கட்டுரை அனுப்பிக்கொண்டிருந்தேன். போடுவார்கள். ஆனால் எப்படிப் போடுவார்கள்! தலைப்பை மாற்றுவார்கள். நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டால் கடைசிப் பத்தியைக் கழற்றிவிடுவார்கள். நான் ஒருவரைத் திட்டி எழுதியிருந்தால், அச்சில் வரும்போது நான் அவரை வாழ்த்தியிருப்பேன். ஒருமுறை என் பெயரையே எடுத்துவிட்டு 'ஈப்போ வாசகி' என்று போட்டார்கள். ஃபோன் போட்டுக் கேட்டேன்.

"எடம் பத்தலலா அக்கா. அதுக்குப் போயி மாரா ஆவலாமா? அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

மாரா ஆகாமல், கோபப்படாமல் என்ன செய்வது? என் பெயருக்கு ஒரு விரல்கடை இடம் இல்லை. அதே பக்கத்தில் பாதியை ஓர் உள்ளூர்ப் பிரமுகரின் பிறந்தநாள் வாழ்த்து, மாலையும் கழுத்துமாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. போங்கடா நீங்களும் உங்கள் பக்கமும் என்று அன்றைக்கு விட்டேன். எழுதியது எழுதியபடி, என் பெயரோடு போய்ச் சேர வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது.

அப்படித்தான் ஈமெயில் மடல் தொடங்கினேன். கட்டுரையை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால், கேட்டு வாங்கியவர்களின் ஈமெயிலுக்கு நேராகப் போய்விடும். நடுவில் கத்தரிக்கோல் இல்லை, நகைக்கடை இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் காலையில் அனுப்புவது என்று வைத்துக்கொண்டேன். எப்படி வளர்ப்பது என்று சொல்லிக்கொடுக்க இணையத்தில் ஒருவர் இலவச வகுப்பு நடத்தினார். அதிலும் போய் உட்கார்ந்தேன். தலைப்பைப் பார்த்ததும் திறக்கவேண்டும், பொத்தான் சிவப்பாக இருக்கவேண்டும், வாசகரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்று அடுக்கினார். எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மடல் என்ன மீன் சந்தையா, மீனுக்கு மேலே சிவப்பு பல்பைத் தொங்கவிட்டுக் கூப்பிட?

ஆனால் ஆள் சேர்ப்பது அந்த வகுப்புக்காரருக்கும் தெரியாத கஷ்டம். எங்கள் ஆட்களிடம் எல்லாம் இருக்கிறது, ஈமெயில்தான் இல்லை. இருந்தும் இல்லை. கைப்பேசி வாங்கும்போது கடைக்காரன் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருப்பான். அது என்ன என்று அவனுக்கும் ஞாபகம் இருக்காது, இவர்களுக்கும் தெரியாது. கோயில் அன்னதான வரிசையில் நின்று கேட்டேன். கல்யாண மண்டபத்தில் கேட்டேன். கச்சாங் பூத்தே கடையில் முறுக்கு நிறுக்கிற நேரத்தில் கேட்டேன். கிளினிக்கில், வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு மருந்துக்குக் காத்திருக்கிறவர்களிடம்கூடக் கேட்டேன், மறுத்துப் பேச முடியாத ஆட்கள் அவர்கள்தான் என்பதால். எல்லோரும் கஷ்டம் என்று ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"ஈமெயில் எல்லாம் சூசாலா அக்கா. வாட்ஸ்அப்புல போட்டுடுங்க."

வாட்ஸ்அப்பில் போட்டால் அது கூட்டத்தோடு கூட்டமாக, மாம்பழ அல்வா செய்முறைக்கும் மூட்டுவலி எண்ணெய்க்கும் நடுவில் போய் விழும். அதற்கா நான் இந்தப் பாடுபடுகிறேன்? பிடிவாதமாக ஈமெயில்தான் என்று நின்றேன். ஒவ்வொருவருடைய கைப்பேசியையும் வாங்கி, அந்தக் குப்பைப் பெட்டிக்குள் போய்க் கிடக்கும் என் மடலைத் தோண்டி எடுத்து, 'இது குப்பை இல்லை' என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். மெல்ல மெல்ல ஆள் சேர்ந்தது. ஒரு பேருந்தை நிரப்பலாம், கொஞ்சம் பேர் நின்றுகொண்டு வரலாம், அவ்வளவுதான். ஆனால் அத்தனை பேரும் என் பெயரைத் தெரிந்து, கேட்டு வாங்கி, படிக்கிறவர்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அக்கா போனாள்.

கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டார், அம்மா சீக்காளி. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்கப் போனாள். விடியும் முன்னே பெரட்டுக் களத்தில் பெரியவர்களோடு நின்று பெயர் கொடுப்பாள். அவள் வெட்டிய பாலில்தான் நானும் என் தம்பியும் படித்தோம். பிறகு தோட்டம் கைமாறி, நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்தார்கள். புந்தோங்குக்கு வந்தோம். அக்கா கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இதைக் கேட்டதும் ஒரு மெழுகுவத்தி உருகுகிற மாதிரி உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து ஊதி அணைத்துவிடுங்கள். அக்கா உருகுகிற ஆள் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் 'பொண்ணு கொஞ்சம் கறுப்பு' என்று அவள் காதுபடச் சொன்னபோது, "கோப்பியும் கறுப்புதான், குடிச்சீங்கள்ல? கெளம்புங்க" என்று சொல்லி வாசலைக் காட்டியவள். மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டுவாள். கெட்ட வார்த்தை தாராளமாக வரும். நம்பர் கடைக்கு விடாமல் போய் லாட்டரி எழுதுவாள். கனவில் பாம்பு வந்தால் அதற்கொரு நம்பர், செத்துப்போன அப்பா வந்தால் அதற்கொரு நம்பர். பெரிதாக ஒருநாளும் விழவில்லை. நன்றாகச் சாப்பிடுவாள். சம்பளம் வாங்கினால் எங்களை மீ கோரிங் கடைக்கு அழைத்துக்கொண்டு போவாள். எங்களுக்கு ஒரு தட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு இரண்டாவது தட்டு சொல்வாள். "ஒழைக்கிறவளுக்குப் பசிக்கும்டி" என்பாள். எனக்கு ஒருநாளும் அதில் வருத்தம் இருந்ததில்லை. அவள் சாப்பிடுவதைப் பார்க்க எங்களுக்கு நிம்மதியாக இருக்கும்.

அவள் இறந்த வீட்டில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பேசினார்கள். என் பெரியப்பா மகன், குடும்பத்துக்கு மூத்தவர், ஆரம்பித்தார்.

"கட்டிக் குடுக்காத பொண்ணு. புருசன் இல்ல, புள்ள இல்ல. பதினாறு யாருக்காக? எட்டாம் நாளோட முடிச்சிக்கலாம்லா."

கத்தினேன். அழுதேன். என் தம்பி சிங்கப்பூரில் இருந்து லீவு போட்டு வந்தவன், பெரியவர்கள் சொன்னால் சரி என்று தலையை ஆட்டினான். அவள் வெட்டிய பாலில் படித்த தலை அது. எட்டாம் நாளோடு பந்தலைப் பிரித்தார்கள். எங்கள் வழக்கப்படி ஒருவரை முறையாக வழியனுப்பி வைப்பது பதினாறாம் நாள் படையலில்தான். மரம் வெட்டி இரண்டு பேரை ஆளாக்கியவளுக்கு அது கிடையாது. கட்டிப்போய் ஒருவனோடு சண்டை போட்டுத் திரும்பி வந்திருந்தால்கூடக் கிடைத்திருக்கும்.

பதினாறாம் நாள் நான் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். நம்பர் கடை, கெட்ட வார்த்தை, இரண்டாவது தட்டு எல்லாவற்றையும் எழுதினேன். அக்கா என்றால் யார் என்று எழுதினேன். பொத்தானை அழுத்தி அனுப்பினேன். அந்த மடல்தான் அவளுக்கு நான் செய்த பதினாறு. வேறு ஒன்றும் என்னைச் செய்யவிடவில்லை.

இப்போது அந்த ரோஜாப்பூவைப் பாருங்கள். என்னிடம் இருந்து போன மடலை யாரோ ஒரு புண்ணியவான் நகல் எடுத்திருக்கிறான். கடைசியில் இருந்த என் பெயரை விரலால் தடவித் தேர்ந்தெடுத்து அழித்திருக்கிறான். அது தவறிப்போய் நடக்கிற காரியமா? உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை. அதற்கப்புறம் அது எத்தனை கைக்குப் போனதோ, ஒவ்வொரு கையும் ஒன்றைத் திருத்தியிருக்கிறது. அக்கா, அம்மா ஆனாள். நம்பர் கடை, கோயில் ஆனது. கெட்ட வார்த்தை இருந்த இடத்தில் தேவாரம் முணுமுணுத்தாள். இரண்டாவது தட்டு இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. 'எனக்குப் பசிக்கவில்லை கண்ணே, நீ சாப்பிடு' என்று சொல்லி, தட்டை நகர்த்திவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாளாம். எங்கள் அக்காவா? பசிக்கவில்லை என்றா? அவள் வாயில் அந்த வார்த்தை வந்திருந்தால் நாங்கள் டாக்டரிடம் அல்லவா தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்!

குழுவில் உடனே எழுதினேன். இது நான் எழுதியது, நம் அக்காவைப் பற்றியது, உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும் என்று. சித்தப்பா மகன் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மையை அனுப்பினான். பெரியப்பா மகன், அதே எட்டாம் நாள் பெரியவர், குரல்பதிவு போட்டார்.

"நல்ல விசயம் நாலு பேருக்குப் போனா நல்லதுதானலா. யாரு எழுதுனா என்னா? அக்கான்னு போட்டா யாரு படிப்பா? அம்மான்னு போட்டாத்தான் மனச தொடும்."

அக்கா என்று போட்டால் யார் படிப்பார்கள். இதைச் சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை. அவருடைய முதல் மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டியவளே எங்கள் அக்காதான். நான் அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் அக்காவின் வார்த்தைகளைத்தான் எழுதியிருப்பேன்.

சில மாதம் கழித்து, எங்கள் தெருவில் முன்பு குடியிருந்து, பிறகு கோப்பெங்கில் வீடு வாங்கிக்கொண்டு போன ஓர் அண்ணனின் அம்மா தவறிவிட்டார். பதினாறாம் நாள் படையலுக்கு அந்த அண்ணன் என்னைக் கூப்பிட்டிருந்தார். பேருந்து பிடித்துப் போனேன். வாசலில் கூடாரம், நெகிழி நாற்காலிகள், உள்ளே மாலை போட்ட படம். படையல் முடிந்து தீபாராதனை காட்டியதும் அந்த அண்ணன் எழுந்து நின்று, கைப்பேசியைக் கையில் எடுத்தார். அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசப்போவதாகச் சொன்னார்.

"விடியறதுக்கு முன்னால எழும்பிப் போற அந்தக் கால் சத்தத்துலதான் நாங்க கண்ண முழிப்போம்."

என் முதல் வரி. அவர் மேலே படித்தார். கோயில் வந்தது. தேவாரம் வந்தது. அந்தப் பசிக்காத தட்டும் வந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்து வந்ததுதான் உச்சம். 'வயலில் நாற்று நட்டுவிட்டு, சேற்றுக் காலோடு அம்மா வரப்பில் நடந்து வருவாள்' என்று படித்தார். ரப்பர் மரத்தைக்கூட எவனோ பிடுங்கி எறிந்துவிட்டு நெல் நட்டிருக்கிறான்! கோப்பெங்கில் எங்கே ஐயா வரப்பு? ஈயம் தோண்டிய குட்டை இருக்கிறது, பால்மரம் இருந்தது, இப்போது செம்பனை இருக்கிறது. அந்தம்மா ஆயுள் முழுக்க மரம் வெட்டியவர். படத்தில் இருந்து அவரே பார்த்துக்கொண்டிருக்கிறார், மகன் அவரை நாற்று நட வைக்கிறான். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்தம்மாவோடு ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. அழுதுகொண்டே இருந்தார்கள்.

என் அக்காவுக்கு மறுக்கப்பட்ட பதினாறு. அதற்குப் பதிலாக நான் எழுதிய மடல். அதைக் கொண்டுவந்து, அவளை வெளியே தள்ளிவிட்டு, இன்னொருவரின் பதினாறில் படிக்கிறார்கள். நான் அங்கே நின்று கேட்கிறேன். வாய்விட்டுக் கத்தியிருப்பேன். சாவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

வீட்டின் பின்னால் குழாயடியில் ஓர் அம்மாள் குந்தி உட்கார்ந்து பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர், நரைத்த தலை, இடுப்பில் ஏற்றிச் செருகிய பாவாடை. யார் என்று நான் கேட்கவும் இல்லை. எனக்குக் கொட்ட ஓர் ஆள் வேண்டும்.

"கேட்டீங்களா அக்கா அந்தக் கண்றாவிய? அவரு படிக்கிறாரே, அது நான் எழுதுனது. அது அம்மாவே இல்ல. எங்க அக்கா. கல்யாணம் கட்டாத அக்கா. மரம் வெட்டி எங்கள படிக்க வச்சவ. அவள அழிச்சிட்டு அம்மான்னு போட்டுட்டானுங்க!"

சட்டி தேய்த்த கை நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்காவப் பத்தியா? அக்காவப் பத்திக்கூட எழுதுவாங்களா?"

அப்போதுதான் எனக்குத் தட்டியது. "நீங்க..." என்றேன்.

"படிக்கிறானே, அவனுக்கு அக்கா. நானும் கட்டிக்கல. அம்மாவ நான்தான் பாத்துக்கிட்டேன்."

காலையில் இருந்து அந்த வீட்டில் இருக்கிறேன். அண்ணனின் மனைவியை எனக்குக் காட்டினார்கள், மகள்களைக் காட்டினார்கள், கோலாலம்பூரில் இருந்து வந்த சம்பந்தியைக்கூடக் கூப்பிட்டு அறிமுகப்படுத்தினார்கள். இப்படி ஓர் அக்கா இருக்கிறார் என்று ஒருவர் சொல்லவில்லை. ஒரே தெருவில் இருந்த அந்தக் காலத்திலும் நான் அவரைப் பார்த்ததில்லை. அப்போது பத்து காஜாவில் ஒரு வீட்டில் தங்கிப் பிள்ளை பார்க்கும் வேலையில் இருந்தாராம். அம்மா படுத்த பிறகு வரச்சொல்லி வந்திருக்கிறார். அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்தவர் பின்னால் சட்டி தேய்க்கிறார். முன்னால் நின்று ஒரு மகன் நெல்வயலைப் படித்து எல்லோரையும் அழவைக்கிறான்.

வெள்ளிக்கிழமைதோறும் நான் அனுப்புகிற மடல் என்று சொல்லி, கைப்பேசியில் அதைத் திறந்தேன். குழாயடியிலேயே, ஒரு கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து, நான் எழுதியபடியே அவருக்குப் படித்தேன். கோப்பியும் கறுப்புதான் என்று வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நம்பர் கடை வந்ததும், "ஐயோ, நானும் எழுதுவேன்லா, தம்பிக்குத் தெரியாது" என்றார். இரண்டாவது தட்டு வந்தபோது சிரிக்கவில்லை. திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். எட்டாம் நாளோடு முடித்துவிட்டார்கள் என்ற இடத்தில், ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

"எனக்கு இது வருமா?" என்று கேட்டார். "வெள்ளிக்கெழம வருதுன்னு சொன்னீங்களே."

கைப்பேசியைக் கொடுத்தார். அவருடைய தம்பி மகள் புதிது வாங்கிக்கொண்டு கொடுத்த பழையது, ஓரம் உடைந்திருந்தது. கணக்கே அந்தத் தம்பி மகளின் பெயரில்தான் இருந்தது. அது வேண்டாம், அவர் பெயரிலேயே புதிதாகப் போடலாம் என்றேன். ஆபத்துக்கு இன்னொரு எண் கொடுங்கள் என்று இயந்திரம் கேட்டது. "தம்பி நம்பர் வேணாம்" என்றார் அவசரமாக. என் எண்ணைப் போட்டேன். வாசலில் சாப்பாட்டுப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்து, "ரசம் எங்க? யாரு அங்க?" என்று அந்த அண்ணனின் குரல் வந்தது. யாரு அங்க. பெயர்கூடச் சொல்லிக் கூப்பிடவில்லை. அக்கா எழுந்திருக்கப் போனார். நான் விடவில்லை. ரசத்தை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

பந்தியில் வைத்து அந்த அண்ணனிடம் சொன்னேன், மெதுவாகத்தான் சொன்னேன்.

"அண்ணே, நீங்க படிச்சது நான் எழுதுனது. அது அம்மா இல்ல, அக்கா. உங்க வீட்லயும் ஒருத்தங்க இருக்காங்க."

"அப்படியா? நல்லா எழுதியிருக்கீங்கலா!" என்றார், முகமெல்லாம் மலர்ந்து. "ஆனா இந்த மாதிரி காரியத்துல அம்மான்னு இருந்தாத்தான் பொருத்தமா இருக்கும். அக்காவுக்கு என்னா, இங்கதான இருக்கு. ரசம் கொஞ்சம் ஊத்துங்க."

ஊற்றினேன். தலையில் ஊற்றாமல் இலையில் ஊற்றினேன். அந்த அளவுக்கு அடக்கம் எனக்கு வந்ததே பெரிது.

அந்த வாரத்தில் இருந்து என் பேருந்தில் இன்னோர் ஆள் ஏறிக்கொண்டார். நான் எழுதுகிறேன், அவர் படிக்கிறாரா இல்லையா என்று தெரியாது. பதில் ஒன்றும் வராது. அந்த அம்மா கதை மட்டும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்னையர் தினத்துக்கு வந்தது, தீபாவளிக்கு வந்தது, தமிழ்நாட்டில் ஒரு மலரில் அச்சாகி அதன் படமாகவும் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் கீழே எழுதுவேன், அம்மா இல்லை, அக்கா என்று. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கட்டைவிரல் வரும். அந்தக் கட்டைவிரலை ஒடிக்கவேண்டும்போல இருக்கும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மடல் போன கொஞ்ச நேரத்தில் அந்தக் குழாயடி அக்காவிடம் இருந்து ஒரு பதில் வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் ஒற்றி ஒற்றி அடித்திருந்தார், புள்ளியும் இல்லை, இடைவெளியும் இல்லை. நான் கூட்டிப் படித்ததை இங்கே தமிழில் தருகிறேன்.

"தங்கச்சி நேத்து எங்க குடும்பக் குரூப்புல அந்த அம்மா கத மறுபடி வந்துச்சி. ரோஜாப்பூ போட்டு. நான் கீழ எழுதுனேன். இது அம்மா இல்ல அக்கா. எழுதுனவங்கள எனக்குத் தெரியும். கோப்பெங்ல நெல்லு இல்ல, எங்கம்மா மரம் வெட்டுனவங்க. அவங்கள பாத்துக்கிட்டது நான். இதான் எழுதுனேன். தம்பிதான் அட்மின். என்னய குரூப்புலேர்ந்து தூக்கிட்டான்."

நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அக்கா சமைத்துப் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, விரலால் தடவி அவரைத் தூக்கியிருக்கிறான்! அன்றைக்கு அந்த ரசத்தைச் சும்மா விட்டது தப்பு. கிளினிக்கில் பல்வலியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்துப் பயந்து தன் வலியை மறந்தார். கோபத்தில் கீழே இன்னும் நாலைந்து வரி இருந்ததைப் பார்க்காமல் விட்டிருந்தேன். உட்கார்ந்து படித்தேன்.

"பரவால்ல. எனக்கு வெள்ளிக்கெழம உங்களுது வருதுல்ல. இன்னொன்னு கேக்கணும். உங்க அக்கா பேரு என்னா? நீங்க எழுதுனதுல அக்கான்னுதான் இருக்கு. அமாவாசைக்கு எங்கம்மாவுக்கு வெளக்கு வைக்கிறப்ப அவங்களுக்கும் ஒண்ணு வைக்கிறேன். பேரு சொல்லித்தான வைக்கணும்."

உடனே பதில் போட்டேன். அக்காவின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினேன்.